துத்திக்குக் குடைக்கம்பி நட்டவன்

என் மாமியார் குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார். கசக்கினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அடுத்த செடிக்குப் போய் அதிலும் ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார்.

நான் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். மாமனார் வீட்டில் என்னைப் பற்றி இருந்த அபிப்பிராயம் அன்றைக்கு மாறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமனார், மாமியார், என் மனைவி ஆமினா மூன்று பேரும் ஜட்கா வண்டி பிடித்து, வைகைப் பாலத்தைத் தாண்டி, பரவைக்குப் போகும் சாலையில் வந்து இறங்கியிருந்தார்கள். எல்லாம் என் வெண்டைத் தோட்டத்தைப் பார்க்கத்தான். நாலு வரிசை, வரிசைக்குப் பதினைந்து செடி. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு குடைக்கம்பி நட்டு, நூலால் கட்டியிருந்தேன். செடிகள் இடுப்பு உயரம் வந்துவிட்டன. மஞ்சளாகப் பூவும் இருந்தது. காய்தான் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. சின்னதாக, வட்டமாக, பல்லுப் பல்லாக ஏதோ பிடித்திருந்தது. போகப்போக நீளும் என்று நினைத்தேன்.

மாமியார் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஆகாயத்தைப் பார்த்தார்.

"மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் மாமியார். "இது வெண்டை இல்ல. துத்தி."

பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். துத்தி என்பது தரிசிலும் சாக்கடை ஓரத்திலும் யாரும் கேட்காமல் முளைக்கிற செடி. இலையை வதக்கி மூலத்துக்குக் கட்டுவார்கள். அதை ஒருவன் பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு கம்பி கொடுத்து வளர்த்ததாக மதுரையில் அதற்கு முன்பும் கேள்விப்பட்டதில்லை, பின்பும் கேள்விப்பட்டதில்லை. மாமனார் வரிசைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஊரிலுள்ள அத்தனை மூலக்காரருக்கும் இது போதும் என்று சொன்னார். சிரிக்காமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காகிதத்தில் வந்த நிலம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்குக் கார்டு, சீனிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு. எந்தச் சுவரைப் பார்த்தாலும் உணவுப் பயிர் செய்யச் சொல்லி நோட்டீஸ்.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு குடைக் கடையில் வேலை பார்த்தேன். குடை விற்பது, ஒடிந்த கம்பியை மாற்றுவது, கிழிந்த துணியை மாற்றித் தைப்பது. மதுரையில் குடை வெயிலுக்குத்தான். சித்திரை மாதம் அழகரைப் பார்க்க வருகிற கூட்டம் வாங்கும் குடைகளை நம்பித்தான் எங்கள் முதலாளி வருஷம் முழுவதும் கடை நடத்தினார். ஆக, மழையைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது எங்கள் வியாபாரத்துக்கு அதிகம் உதவாத ஒன்று என்பதுதான்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து ஒரு தோட்டக் கமிட்டி வைத்தார்கள். கமிட்டியின் பேர் எனக்கு மறந்துவிட்டது. ஆற்றுக்கு வடக்கே, ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிச் சும்மா கிடந்த பூமியைப் பத்துப் பத்து சென்டாகக் கோடு போட்டு நகரவாசிகளுக்குக் கொடுத்தார்கள். பட்டணத்து ரேஷன் கார்டு இருக்க வேண்டும். கார்டுக்காரரும் அவர் குடும்பத்தாரும்தான் பாடுபட வேண்டும், வேறு ஆள் கையில் விடக் கூடாது. கார்த்திகை மாதம் அதிகாரி வந்து பார்ப்பார். பாதி நிலத்திலாவது உணவுப் பயிர் நிற்கவில்லையென்றால் காகிதத்தைத் திருப்பி வாங்கி வரிசையில் நிற்கிற அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்.

நான் மனுப் போட்டதற்கு யுத்தமோ பஞ்சமோ காரணம் இல்லை. கல்யாண விருந்தில் மாமனார் யாரிடமோ, "மாப்ள நல்ல பிள்ளை, ஆனா உக்காந்த வேலை," என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அந்தக் கடைசி வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நின்றுகொண்டு, குனிந்துகொண்டு, வேர்வை சொட்டச் சொட்டச் செய்கிற வேலை ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

எங்கள் குடும்பத்துக்கும் விவசாயத்துக்கும் அதற்கு முன் இருந்த ஒரே சம்பந்தம் ஒரு பப்பாளி மரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கிணற்றடியில் தானாக முளைத்தது. என்னைப் பெற்ற அத்தா அதற்கு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றினார். கொத்துக் கொத்தாகப் பூத்தது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், அடுத்த தடவை வரும்போது பழம் தருவதாக வாக்குக் கொடுத்தார். மூன்றாம் வருஷம் வெள்ளையடிக்க வந்த ஆள்தான் அது ஆண் மரம், ஜென்மத்துக்கும் காய்க்காது என்று சொன்னான். அத்தா அதற்குப் பிறகும் தண்ணீர் ஊற்றினார். வாக்குக் கொடுத்த விருந்தாளிகள் கேட்டால் மரம் இருக்கிறது என்றாவது காட்டலாமே என்று நினைத்திருப்பார்.

துணி கட்டிய செடிகள்

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் நாள் போனேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. சைக்கிளின் பின்னால் புது மண்வெட்டி ஒன்றைக் கட்டியிருந்தேன். கமிட்டி ஆள் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

எதிரே மார்பளவுக்குக் காடு. எருக்கு, நாயுருவி, கோவைக்கொடி, பேர் தெரியாத இன்னும் எத்தனையோ. வடக்கே அழகர்மலை நீலமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மட்டும் விவசாயம் சுகமாக இருந்தது.

ஒரு கையில் குடை, ஒரு கையில் மண்வெட்டி என்று ஆரம்பித்தேன். இப்படி யாரும் வெட்ட மாட்டார்கள் என்பது எனக்கே அரை மணி நேரத்தில் புரிந்தது. குடையை வைத்துவிட்டு வெட்டினேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தது. கோரைப் புல்லை மேலாகச் செதுக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் கோரை முன்னைவிட நெருக்கமாக, புதுசாக நின்றது. அடியில் கிழங்கு இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. என்னைக் கேலி செய்வதற்கென்றே வளர்ந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒரு விஷயம் கண்ணில் பட்டது. காட்டுக்குள் அங்கங்கே சில செடிகளின் கழுத்தில் துணி கட்டியிருந்தது. சேலை விளிம்பைக் கிழித்த மாதிரி, நீலமும் சிவப்புமாக, விரல் அகலத் துணி. பத்தடிக்கு ஒன்று, பதினைந்தடிக்கு ஒன்று. எண்ணினேன். இருபத்துமூன்று.

யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பூமி சும்மா கிடந்ததற்கும், என் கை கொப்புளித்ததற்கும், கோரை மறுபடி முளைத்ததற்கும் ஒரே நொடியில் காரணம் கிடைத்துவிட்டது. பிஸ்மி சொல்லி, ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதி, துணி கட்டிய செடிகளை முதலில் வேரோடு பிடுங்கினேன். குவித்துத் தீ வைத்தேன். பிறகு வந்த தைரியத்தில் மற்றதையும் பிடுங்கிப் பிடுங்கி அதே தீயில் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக வேலை செய்தது அன்றைக்குத்தான்.

புகையில் கண் எரிந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எல்லாத்தையும் புடுங்கிட்டீகளா?"

திரும்புவதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது. தினமும் காலையில் எங்கள் தெருவில் கீரை விற்கிற குரல். முகத்தை நான் பார்த்ததில்லை. வாசலில் ஆமினா வாங்குவாள், நான் உள்ளே நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருப்பேன். இருளாயி என்று பேர் மட்டும் தெரியும். முப்பத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் காலிக் கூடை.

"துணி கட்டுனதையுமா?"

அதைத்தான் முதலில் எரித்தேன், இனிமேல் பயப்பட வேண்டாம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவள் தீயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "அது நான் கட்டுனது ராவுத்தரே. விதைக்கு விட்டது," என்றாள்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். எட்டு வருஷமாக அந்த இடத்தில்தான் கீரை பறிக்கிறாள். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, குமிட்டி, சாரணை, இன்னும் இரண்டு மூன்று. நுனியைக் கிள்ளுவாளே தவிர வேரோடு பிடுங்க மாட்டாள். கொழுத்த செடியாகப் பார்த்துத் துணியைக் கட்டி விதைக்கு விட்டுவிடுவாள். அந்தக் கண்மாயைச் சுற்றிப் பறிக்கிற பெண்களுக்குள் அது வழக்கம். துணி கட்டிய இடத்தில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள், ஆடு மேய்க்கிறவர்கள் ஆட்டை ஓட்ட மாட்டார்கள். அவளும் அவள் புருஷனும் ஊரார் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் இந்தக் கீரையை வைத்துத்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

நான் காடு என்று நினைத்தது அவளுடைய தோட்டம்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்திருப்பான் என்று வாசகர்களுக்குத் தெரியும். நான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே நானே உரக்கப் படித்துக் காட்டினேன், அடியில் இருந்த முத்திரை வரைக்கும். அவள் கடைசி வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, காலிக் கூடையோடு போய்விட்டாள். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கீரைக்காரியைக் காணோம்

அதன்பின் எங்கள் தெருவுக்கு இருளாயி வரவில்லை. ஆமினா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துவிட்டு, என்ன ஆச்சோ தெரியவில்லையே என்பாள். உடம்பு சரியில்லையோ என்னவோ என்று நானும் கவலைப்பட்டேன். அந்தக் கவலையை எப்படித்தான் முகத்தில் கொண்டுவந்தேனோ.

விதை வாங்கிப் பாத்தி கட்டி வெண்டை போட்டேன். நாலைந்து நாளில் முளை வந்தது. வெண்டை மட்டுமா வந்தது, அந்த மண்ணில் இருந்த சகலமும் வந்தது. எல்லாம் பச்சையாக, எல்லாம் இரண்டிலையாக இருந்தால் எதை வைப்பது, எதை எடுப்பது? நல்ல ஜாதிச் செடி திடமாக இருக்கும் என்பது என் யோசனை. ஆகவே திடமாக இருந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு, சோனியாக இருந்ததைப் பிடுங்கிப் போட்டேன். சோனியாக இருந்தது வெண்டை. திடமாக இருந்தது துத்தி.

பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் கழித்துப் போட்ட குடைக்கம்பிகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் நட்டேன். பரவையில் பிறந்து வளர்ந்த என் மாமியாரை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று துடித்தேன். அழைத்தும் வந்தேன். அந்தக் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாமியார் துத்தியோடு நிறுத்தவில்லை. வரப்போரம் நான் களையென்று அவ்வப்போது பிடுங்கி எறிந்து காய்ந்து கிடந்த குவியலைக் காலால் கிளறிப் பார்த்தார். "நல்ல கீரையில்ல மாப்ள இது? இம்புட்டையும் புடுங்கிப் போட்டுட்டா துத்திய வளத்தீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் ஆமினா நின்றிருந்தாள். அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, பெற்றவர்களை அனுப்பிவிட்டு, ஆமினா என் எதிரில் உட்கார்ந்தாள். துணி கட்டிய செடியிலிருந்து காகிதம் படித்துக் காட்டியது வரை எல்லாவற்றையும் நான் ஒப்பித்தேன்.

"நம்ம சட்டிக்கு வர்ற கீரைய எரிச்சிட்டு, அவளைக் காணோமேன்னு எங்கிட்டயே கவலைப்பட்டீங்களாக்கும்," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. மறுநாள் காலையில் போய் இருளாயியைப் பார்க்க வேண்டும், பார்க்காமல் வந்தால் வீட்டில் சோறு கிடையாது என்றும் சொன்னாள்.

நான் செய்த உதவி

கண்மாய்க்கு அந்தப்புறம் இருபது குடிசை இருந்தது. இருளாயி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு, கார்த்திகையில் அதிகாரி வரப்போவதையும், என் நிலத்தில் துத்தி தவிர ஒன்றும் இல்லாததையும் சொன்னேன். நிலத்தை அவளே பழையபடி வைத்துக்கொள்ளட்டும், பறிக்கிறதெல்லாம் அவளுக்கே என்றேன். ஆனால் சட்டப்படி நான்தான் பாடுபட வேண்டும், வேறு ஆள் என்று தெரிந்தால் காகிதம் போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை.

"நீங்களே பயிர் பண்ணுனதாச் சொல்லுங்க. எனக்கென்ன வந்துச்சு? என்னையப் பறிக்க விட்டாச் சரி," என்றாள்.

நான் என்ன உதவி செய்யட்டும் என்று கேட்டேன். கையிலிருந்த சுள்ளியை ஒடித்துப் போட்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

அப்படியே செய்தேன். என் விவசாய வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். கடையில் உட்கார்ந்து குடை தைத்தேன். ஐப்பசியில் நல்ல மழை. பாலத்தில் நின்று பார்த்தால் அழகர்மலைப் பக்கம் கறுத்துக் கிடக்கும். எங்கள் முதலாளிக்கு நாலு குடை கூடுதலாக விற்றது. எனக்கோ போய்ப் பார்க்கக் கால் பரபரக்கும். ஆமினா சைக்கிள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இருளாயி துத்தியை வெட்டிப் போட்டாள். நான் கிண்டிவிட்ட மண்ணில், நான் எரித்த சாம்பலில், எட்டு வருஷமாக உதிர்ந்து கிடந்த விதையெல்லாம் மழைக்கு முளைத்துவிட்டது. போதாததற்கு எங்கிருந்தோ முளைக்கீரை விதை கொண்டுவந்து தூவினாள். ஒரு மாதத்தில் மறுபடியும் எங்கள் தெருவில் அவள் குரல் கேட்டது. ஆமினா வாசலுக்கு ஓடினாள். நான் நாஷ்டா தட்டோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை வெட்கத்தினால்.

அதிகாரி வந்தார்

கார்த்திகையில் அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், வேட்டி நனையாமல் வரப்பில் நடக்கத் தெரியாதவர். அதனால் எனக்கு அவர்மேல் உடனே பிரியம் வந்துவிட்டது. பத்து சென்டும் பச்சைப்பசேல் என்று கிடந்தது. நடுவில் அங்கங்கே நீலமும் சிவப்புமாகத் துணி கட்டிய செடிகள். இருளாயி ஓர் ஓரத்தில் குந்தியிருந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

யார் பயிர் செய்தது என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்றேன். இந்த அம்மாள் யார் என்றார். கீரை வாங்கிப்போய் விற்கிறவள் என்றேன். இருளாயி தலை நிமிரவில்லை. கிள்ளுகிற கையும் நிற்கவில்லை.

துணி எதற்கு என்று கேட்டார். விதைக்கு விட்டதன் அடையாளம், என் ஏற்பாடு என்றேன். அவர் வியந்துபோய்க் குறித்துக்கொண்டார். என்னென்ன கீரை என்று கேட்டபோதுதான் எனக்கு ஒன்றுக்கும் பேர் தெரியாது என்பது உறைத்தது. இருளாயி தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, ஒவ்வொன்றின் பேரையும் முணுமுணுத்துக்கொண்டே கூடையில் போட்டாள். நான் அதைக் கேட்டுக் கேட்டு உரக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு நன்றாகக் காப்பியடித்ததில்லை.

காகிதம் இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அதோடு முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்தையும் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன்.

அந்த வட்டாரத்திலேயே நல்ல தோட்டம் என்னுடையது என்று கமிட்டி முடிவு செய்தது. மேடை போட்டு எனக்கு மாலை போட்டார்கள். அனுபவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் கால் மணி நேரம் பேசினேன். கீரையை எப்படிக் கிள்ள வேண்டும், விதைக்கு எப்படி விட வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கூட்டத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கைதட்டினார். வீட்டுக்கு வந்து மாலையை ஆமினாவிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்காமல், சாப்பிட வாங்க என்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்த ஞானம்

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்மா பயான். அன்றைய பிரசங்கம் பொய் சாட்சியைப் பற்றி. ஹஜ்ரத் என்னைப் பார்த்தே பேசுகிற மாதிரி இருந்தது. வேறு யாரையோ பார்த்துத்தான் பேசியிருப்பார். தொழுகை முடிந்ததும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆமினாவிடம்கூடச் சொல்லவில்லை. நேராகக் கமிட்டி ஆபீசுக்குப் போனேன்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயிர் செய்தவள் அவள்தான், துணி அவள் ஏற்பாடு, நீங்கள் பார்க்க வந்த நாளைத் தவிர நான் மூன்று மாதமாக அந்தப் பக்கம் போகவே இல்லை என்றேன். காகிதத்தை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. மேடையில் மாலை விழுந்தபோதுகூட அப்படி ஒரு சந்தோஷம் இல்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவளுக்குப் பட்டணத்துக் கார்டு இருக்கிறதா? இல்லை. ஊர் எல்லைக்குள் வீடு? இல்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏன்யா இதை எங்கிட்ட வந்து சொன்னீரு? எனக்குத் தெரியாம இருந்திருந்தா அந்தம்மா பாட்டுக்குப் பறிச்சிட்டிருந்திருக்கும். இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் எழுதித்தானே ஆகணும்?"

எழுதினார். அடுத்த வாரமே நிலம் வரிசையில் நின்ற இன்னொருவருக்குப் போயிற்று.

செய்தியை நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஓடினேன். அதற்குள் புதுக்காரர் வந்துவிட்டார். ஏதோ ஆபீஸ் குமாஸ்தா, துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. வரப்பில் நின்று, துணி கட்டிய செடி ஒன்றைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்ன என்று அவரிடம் சொன்னேன், கீரையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் தக்காளி போடப்போவதாகச் சொல்லிவிட்டு அதைப் பிடுங்கினார்.

இருளாயி சாலையோரப் புளியமரத்தடியில் கூடையோடு நின்றிருந்தாள். நான் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை என்றேன். உன் பேருக்குத்தான் கேட்டேன் என்றும் சொன்னேன். அவள் பாராட்டாவிட்டாலும் புரிந்துகொள்வாள் என்று அந்த நிமிஷம் வரை நான் எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன்.

"போறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"பொய் சொன்னது நீங்க, பாவம் உங்களுக்குன்னு நான் நிம்மதியாப் பறிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப உங்க பாவம் போச்சு. என் வயித்துப்பாடும் அதோட போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கண்மாய்க் கரையோடு பரவைப் பக்கமாக நடந்தாள். வேறு இடம் பார்க்க வேண்டும் அல்லவா? அங்கே ஏற்கெனவே யாராவது துணி கட்டியிருப்பார்கள். அதையும் தாண்டி நடக்க வேண்டும்.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் போவதைப் பார்த்தபடி நின்றேன், ஒரு பாவமும் இல்லாதவனாக.